கசியும் ஓடு, அளந்த துளை: சித்தூர் மண்கலம் முதல் செராமிக் நுரை வரை

திருமலையில் வேங்கடவனுக்கு நாள்தோறும் பலவகைத் திருவமுதுகள் சமைக்கப்படுகின்றன. அவற்றுள் குலசேகரப்படியைத் தாண்டிக் கருவறைக்குள் செல்லும் உரிமை, புதிய மண்கலத்தின் உடைந்த பாதியில் வைக்கப்படும் தயிர்ச்சோற்றுக்கு மட்டுமே உண்டு என்பது கோயில் மரபு. தொண்டைமான் மன்னன் சாத்திய பொன்மலர்களைவிட ஓர் ஏழைக் குயவர் களிமண்ணால் செய்து படைத்த மலர்களையே இறைவன் உவந்தான் என்னும் தலபுராணக் கதையோடு இந்த ஓடு இணைத்துப் பேசப்படுகிறது. அக்குயவரைத் தமிழ் வைணவர் குரும்பறுத்த நம்பி என்று போற்றுவர்.

கதையின் பக்திப் பொருள் ஒருபுறம் இருக்க, கலத்தின் இயல்பைக் கவனித்தால் வேறொரு செய்தி கிடைக்கிறது. மண்கலம் நாள்தோறும் புதிதாக இருக்க வேண்டும் என்னும் விதிக்கு அடியில் ஓர் இயற்பியல் உண்மை கிடக்கிறது. சுட்ட மண்ணின் சுவர் திண்மமானது அன்று. தயிரின் நீரும் கொழுப்பும் அதனுள் புகுந்து தங்கிவிடும். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் முழுவதும் வெளிவாரா. வெண்கலத்தைச் சாம்பலிட்டுத் துலக்கித் தூய்மையாக்கலாம் என்று கூறும் தர்ம நூல்கள், மண்கலத்தை மீண்டும் சுடுமாறோ எறிந்துவிடுமாறோ விதிப்பதன் காரணமும் இதுவே. ஆசாரத்தின் மொழியில் சொல்லப்பட்டிருப்பினும், நுண்துளைமை பற்றிய மிகப் பழைய அறிதல்களுள் ஒன்றாக அதனைக் கொள்ளத் தடையில்லை.

அந்த நுண்துளை எப்போது குறையாக இருந்தது, எப்போது பயனாயிற்று, எப்போது அளந்து செய்யப்படும் பொருளாயிற்று என்பதே இங்கு ஆராயப்படுவது. இன்று உருகிய உலோகத்தை வடிகட்டப் பயன்படும் செராமிக் நுரைகளின் வரலாற்றைப் பாடநூல்கள் 1963-ஆம் ஆண்டின் ஓர் அமெரிக்கக் காப்புரிமையிலிருந்து தொடங்குவது வழக்கம். அத்தொடக்கம் தவறன்று, ஆனால் அது கதையின் கடைசி மூன்றில் ஒரு பங்கிலிருந்து தொடங்குகிறது.

இந்நிலப்பகுதியின் எல்லைகள் பலமுறை மாறியிருக்கின்றன. ஆங்கிலேயர் ஆட்சியில் திருப்பதி வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. சித்தூர் அதன் தலைநகர். 1911-இல் வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பகுதிகளைப் பிரித்துச் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. தெலுங்கும் தமிழும் கலந்து வழங்கும் இந்நிலத்தில் மண்பாண்டத் தொழில் பரவலாக இருந்துவந்துள்ளது. சித்தூரிலிருந்து பெங்களூர் செல்லும் சாலையில், மைசூர்ப் பீடபூமியின் விளிம்பில் உள்ள பலமனேரி இன்றும் சுடுமண் வேலைக்குப் பெயர்பெற்றது. பழைய வட ஆற்காட்டின் மற்றொரு முனையில், காட்பாடியை அடுத்த கரிகிரியில் கண்ணாடிமெருகு பூசிய மட்கலங்கள் செய்யப்பட்டன. ஒரே மாவட்டத்தில் ஓர் ஊர் துளையைத் திறந்துவிடும் கலையிலும் மற்றோர் ஊர் அதனை மூடும் கலையிலும் பெயர்பெற்றிருந்தது என்பது சுவையான செய்தி.

துளையைத் திறப்பதும் மூடுவதும் குயவரின் வேலை மட்டுமன்று, அடுக்களையின் வேலையும்தான். புதுச் சோற்றுச்சட்டியை வாங்கிவந்த பெண்கள் அதனை உடனே அடுப்பிலேற்றுவதில்லை. அரிசி கழுவிய நீரையும் வடிகஞ்சியையும் ஊற்றிக் காய்ச்சி, சட்டியைப் பழக்குவார்கள். மாச்சத்து சுவரின் துளைகளுக்குள் ஊறிக் கெட்டியாகி அவற்றை அடைக்கும். பின்னர்ச் சேரும் எண்ணெய் அடைப்பை உறுதியாக்கும். தண்ணீர்ப்பானைக்கு இந்தப் பழக்குதல் கிடையாது. அதனை வெறும் நீரில் ஊறவைத்து முதல் நீரைக் கொட்டுவதோடு சரி. எண்ணெய்க் கையால் தொடவும் விடமாட்டார்கள். ஒரே சூளையில், ஒரே களிமண்ணில் சுட்ட இரு கலங்கள் வீட்டிற்குள் நுழைந்த பின்னரே ஊடுருவுதிறனில் வேறுபட்ட இரு பொருள்களாக மாறின. இது எழுதப்படாத தொழில்நுட்பம். எழுதப்படாமைக்குக் காரணம் அது பெண்களின் கையில் இருந்தமை என்று ஊகிப்பது மிகையாகாது.

தண்ணீர்ப்பானை குளிர்வது சுவர்வழி மெல்லக் கசியும் நீர் ஆவியாவதால். கோடை வெப்பத்தில் ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தின் பெரும்பகுதி பானையிலிருந்தும் உள்ளிருக்கும் நீரிலிருந்தும் எடுக்கப்படுகிறது. காற்று உலர்ந்திருக்கும் சித்தூர்ப் பகுதியின் சித்திரை வெயிலில் பானை நன்கு குளிர்வதற்கும், கடற்கரைச் சென்னையின் புழுக்கத்தில் அதே பானை ஏமாற்றுவதற்கும் காரணம் இதில் அடங்கியுள்ளது. கசிவு மிகுந்தால் பானை ஒழுகும். குறைந்தால் நீர் குளிராது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட குறுகிய இடைவெளியில் சுவரை நிறுத்துவதே நல்ல குயவரின் திறம். பழைய பானை நாளடைவில் குளிர்ச்சி இழப்பதையும் மக்கள் அறிந்திருந்தனர். கடின நீரிலுள்ள உப்புகள் வெளிச்சுவரின் துளைவாய்களில் பூத்து அடைத்துக்கொள்வதால் நேர்வது அது. இன்றைய வடிகட்டிப் பொறியாளர் இதனைத் துளை அடைப்பு என்று தனித் தலைப்பிட்டுப் படிக்கிறார்.

குயவரின் கட்டுப்பாட்டில் இருந்தவை மூன்று: மண், கலப்பு, தீ. ஏரி வண்டலின் நுண்மை, அதனோடு சேர்க்கும் மணலின் அளவு, உமியோ சாணமோ சாம்பலோ கலக்கும் விகிதம், சூளையின் வெப்பம். திறந்த சூளைகள் பெரும்பாலும் 700 முதல் 900 டிகிரி செல்சியசுக்குள் நிற்பவை. அந்த வெப்பத்தில் களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உருகிக் கண்ணாடியாகித் துளைகளை நிரப்பாது. கலப்பில் சேர்த்த உமி எரிந்து போன இடத்தில் அதன் வடிவிலேயே ஒரு வெற்றிடம் தங்கும். எரிந்து மறையும் ஒரு பொருளால் துளையை உண்டாக்கும் இந்த முறை இன்றைய செராமிக் ஆய்வகங்களிலும் முதன்மையான வழிகளுள் ஒன்று. அங்கே உமியின் இடத்தில் மாவுப்பொருளோ மெழுகு மணியோ நெகிழிமணியோ இருக்கும்.

இம்முறையின் மிகத் துணிவான பயன்பாடு தென்னிந்திய எஃகு மூசைகளில் காணப்படுகிறது. தெலுங்கானாவின் கோனசமுத்திரம் உள்ளிட்ட தக்காண ஊர்களின் மூசைகளை ஆராய்ந்த தெல்மா லோ, அவற்றின் களிமண்ணில் உமி பெருமளவு கலந்திருந்ததை 1989-இல் வெளியான கட்டுரையில் விளக்கினார். பழைய தென்னார்க்காட்டைச் சேர்ந்த மேல்சிறுவளூரில் மூசை எஃகு செய்த தடயங்களை 1990-களில் ஷாரதா சீனிவாசன் வெளிக்கொணர்ந்தார். இம்மூசைகள் 1,200 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தை நெடுநேரம் தாங்க வேண்டும். சாதாரண மண்சுவர் அதில் வெடிக்கும் அல்லது இளகித் தொய்யும். உமி கருகும்போது கரியும் சிலிக்காவும் சேர்ந்த எலும்புக்கூடு போன்ற அமைப்பொன்று சுவருக்குள் எஞ்சுகிறது. அது சுவரைத் தாங்குகிறது. விரிசல் ஓடுவதைத் தடுக்கிறது. கரி இருப்பதால் உள்ளே உயிர்வளி மிகாமலும் பார்த்துக்கொள்கிறது.

சுவாமிமலையின் படிமக் கலைஞர்கள் மெழுகு வார்ப்பில் கையாளும் முறையும் இதற்கு உறவானது. மெழுகுருவின்மீது முதலில் பூசுவது மிக நுண்ணிய காவிரி வண்டல். அதன்மேல் வருவது மணல் கலந்த கரடான மண். நுண்பூச்சு விரல்நகத்தின் வரியையும் பதிவு செய்யும். கரடுப்பூச்சு, உலோகம் பாயும்போது தப்ப வேண்டிய காற்றுக்கும் ஆவிக்கும் வழிவிடும். சுவரின் தடிமனூடே துளையளவு படிப்படியாக மாறும் இத்தகைய அமைப்பை இன்று படித்தர நுண்துளைமை என்கிறார்கள்.

இத்தகைய செய்திகளைக் கேட்டவுடன் ‘முன்னோரின் நானோ தொழில்நுட்பம்’ என்று பெயரொட்டும் வழக்கம் சமூக ஊடகங்களில் பரவியுள்ளது. அது குயவருக்குப் பெருமை சேர்ப்பதுபோல் தோன்றினும் அவர் உண்மையில் செய்ததை மறைத்துவிடுகிறது. குயவர் துளைகளை உண்டாக்கினார். அவற்றின் சராசரி இயல்பைக் கைப்பழக்கத்தால் நிலைநிறுத்தினார். பானை குளிர்வதற்குச் சராசரி போதும். ஆனால் நோய்க்கிருமியைத் தடுக்க வேண்டுமாயின் சராசரியால் பயனில்லை. பத்து இலட்சம் நுண்துளைகளுக்கிடையே ஒரேயொரு பெருந்துளை இருந்தாலும் கிருமி அதன்வழி போய்விடும். ஒரு சுவரின் மிகப் பெரிய துளை எவ்வளவு என்னும் கேள்வியைக் கேட்கவேண்டிய தேவை பழைய மண்பாண்டத் தொழிலுக்கு எழவில்லை. கிருமி என்ற கருத்தே இல்லாதபோது அக்கேள்வி எப்படி எழும்?

அக்கேள்வியை எழுப்பியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் காலரா. 1866-இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய பன்னாட்டுச் சுகாதார மாநாடு, நோய் பரவுவதற்கு இந்திய யாத்திரைக் கூட்டங்களைக் காரணம் காட்டியது. அதன்பின் பெருந்தலங்களின் திருவிழாக்கள் ஆட்சியாளரின் கண்காணிப்புக்கு உள்ளாயின. யாத்திரிகரைக் குற்றவாளியாக்கிய அந்தப் பார்வையில் அரசியல் நிறைய உண்டு. ஆயினும் நீரின்வழி நோய் பரவுகிறது என்பது மெய். 1883–84-இல் ராபர்ட் கோக் எகிப்திலும் கல்கத்தாவிலும் காலராக் கிருமியை இனங்கண்டார். 1892-இல் ஹாம்பர்க் நகரில் காலரா பரவியபோது 8,600 பேரளவில் மாண்டனர். அந்நகரை ஒட்டியிருந்த ஆல்டோனா நகரமும் அதே எல்ப் ஆற்று நீரையே குடித்தது. எனினும் அங்கே அத்தகைய பேரழிவு நேரவில்லை. ஆல்டோனா தன் நீரை மணல்படுகையில் வடித்தது, ஹாம்பர்க் வடிக்கவில்லை.

மணலின்வழி நீர் எவ்வாறு செல்கிறது என்பதற்கு அதற்கு முன்பே ஒரு விதி கிடைத்திருந்தது. பிரான்சின் திஜோன் நகருக்கு நீர்வழங்கல் அமைத்த பொறியாளர் ஹென்றி டார்சி, 1856-இல் வெளியிட்ட நூலின் பின்னிணைப்பில் தம் சோதனைகளைப் பதிவு செய்தார். மணல் நிரம்பிய நெடுங்குழாயின் வழியே செல்லும் நீரின் அளவு, இருமுனைகளின் நீர்மட்ட வேறுபாட்டுக்கு நேர்விகிதத்திலும் மணற்படுகையின் நீளத்துக்கு எதிர்விகிதத்திலும் அமைகிறது என்று அவர் கண்டார். சொர்ணமுகி வற்றிய மாதங்களில் ஆற்றுமணலைத் தோண்டி ஊற்றுநீர் எடுத்தவர்கள், குழி ஆழமானால் நீர் விரைந்து ஊறும் என்று அறிந்திருந்தனர். டார்சி செய்தது அதற்கு ஓர் எண்ணைத் தந்தது. எண் கிடைத்ததால்தான் ஒரு மணலின் இயல்பை மற்றொரு மணலின் இயல்போடு, ஊர்கடந்தும் நாடுகடந்தும், ஒப்பிட முடிந்தது.

பாஸ்டரின் உடனுழைப்பாளர் சார்லஸ் சாம்பர்லாண்ட் 1884-இல் மெருகு பூசாத பீங்கான் குழாய் வடிகட்டியை அறிமுகப்படுத்தினார். ஹானோவர்ப் பகுதியில் டயட்டம் மண் சுரங்கம் வைத்திருந்த வில்ஹெல்ம் பெர்க்ஃபெல்ட் 1891-இல் அம்மண்ணாலேயே வடிகட்டி செய்தார். ஹாம்பர்க் காலராவின்போது அது புகழ்பெற்றது. டயட்டம் என்பது நுண்பாசிகளின் சிலிக்கா ஓடு. அவ்வோடுகளே துளையுடையவை, இயற்கை ஏற்கெனவே செய்துவைத்த துளையை அவர் அடுக்கிப் பயன்படுத்தினார். பெர்க்ஃபெல்ட் வடிகட்டிகள் மூன்று தரங்களில் விற்கப்பட்டன: மிகுதியாக விடுவது, இயல்பாக விடுவது, குறைவாக விடுவது. ஜெர்மன் சொற்களின் முதலெழுத்துகளான வி, என், டபிள்யூ ஆகியவை வடிகட்டியின்மீது பொறிக்கப்பட்டன. மண்கலத்தின் ஊடுருவுதிறன் ஒரு வணிகத் தரமாக எழுதப்பட்டது இந்தக் காலத்தில்தான். இந்திய நடுத்தரக் குடும்பங்களில் எஃகு வடிகட்டிக்குள் நின்ற வெள்ளைக் ‘கேண்டில்’ இந்தக் கால்வழியில் வந்தது.

சாம்பர்லாண்ட் வடிகட்டி எதிர்பாராத ஒன்றையும் தந்தது. 1892-இல் திமித்ரி இவனோவ்ஸ்கி, தேமல் நோயுற்ற புகையிலையின் சாற்றை அதன்வழி வடித்தார். பாக்டீரியா நின்றுவிட்டன, நோய் நிற்கவில்லை. 1898-இல் பெய்ரிங்க் அச்சோதனையை மேலும் நடத்தி, பாக்டீரியாவிலிருந்து வேறான தொற்றுப்பொருள் ஒன்று உண்டு என்று வாதிட்டார். வைரஸ் என்னும் கருத்து, ஒரு பீங்கான் சுவரின் துளையளவு நம்பத்தக்கதாக இருந்ததால் பிறந்தது. சுவரில் பெருந்துளை இருந்திருக்கலாம் என்ற ஐயம் நீங்காதிருந்தால் அச்சோதனைக்குப் பொருளே இருந்திராது. அவ்வையத்தைத் தீர்க்கும் சோதனையை ஹைன்ரிக் பெக்ஹோல்ட் 1908-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வகுத்தார். நனைந்த வடிகட்டியின் ஒருபுறம் காற்றழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்தினால், முதற்குமிழி மிகப் பெரிய துளையின் வழியே வெளிவரும். ஒரு மைக்ரான் துளையிலிருந்து நீரைத் தள்ளிக் காற்று வெளிவர ஏறத்தாழ 2.9 பார் அழுத்தம் வேண்டும். துளை இருமடங்கு பெரிதானால் அழுத்தம் பாதி போதும். குயவர் கேட்க நேராத கேள்விக்கு விடை ஒரு குமிழியாகக் கிடைத்தது.

இடையே ஒன்று: நுண்துளை மண்கலத்திற்கு மின்னியலிலும் ஓரிடம் உண்டு. 1836-இல் டேனியல் மின்கலம் செய்தபோது இரு கரைசல்களைப் பிரிக்க முதலில் மாட்டின் உணவுக்குழலைப் பயன்படுத்தினார். விரைவில் அவ்விடத்தை மெருகிடாத மண்குவளை பிடித்துக்கொண்டது. 1866-இன் லெக்லாஞ்சே கலத்திலும் அதுவே. அயனிகள் கடக்கலாம், கரைசல்கள் கலக்கலாகாது என்பது அச்சுவருக்கு இடப்பட்ட பணி. திருப்பதியை அடுத்த கரகம்பாடியில் இன்று மின்கலங்கள் செய்யப்படுகின்றன. மூடிய வகை ஈயக்கலங்களுக்குள் தகடுகளைப் பிரித்து நிற்கும் கண்ணாடியிழைப் பாய், அந்த மண்குவளையின் வாரிசு.

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதி இத்துறைக்குச் சமன்பாடுகளின் காலம். இங்கே மாணவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் வேறுபாடு ஒன்றைத் தெளிவாக்குதல் நலம். நுண்துளைமை என்பது பொருளில் எத்தனை பங்கு வெற்றிடம் என்பதைச் சொல்லும். ஊடுருவுதிறன் அவ்வெற்றிடத்தின் வழியே நீர்மம் எவ்வளவு எளிதில் செல்லும் என்பதைச் சொல்லும். தக்கையில் பாதிக்கு மேல் வெற்றிடம்; ஆயினும் குப்பியை அடைக்க அது பயன்படுகிறது, அதன் அறைகள் தனித்தனியே மூடியிருப்பதால். அறைகள் ஒன்றோடொன்று திறந்திருக்கும்போதும் வேகத்தை முடிவு செய்வது அறையின் அகலம் அன்று. அறைக்கும் அறைக்கும் இடையிலுள்ள வாயிலின் அகலம். கோசெனி 1927-இலும் கார்மன் 1937-இலும் தந்த தொடர்பின்படி, வெற்றிடப் பங்கு மாறாதிருக்கத் துளைவிட்டம் பாதியானால் ஊடுருவுதிறன் நான்கில் ஒன்றாகும். வேகம் கூடும்போது டார்சியின் நேர்விகிதம் தவறுவதை ஃபோர்ச்ஹைமர் 1901-இல் சுட்டினார். எர்கன் 1952-இல் அதற்குப் பரவலாகப் பயன்படும் வடிவம் தந்தார். பானைச் சுவரில் கசியும் நீருக்கு டார்சி போதும். அகன்ற அறைகளுடைய நுரையின் வழியே விரைந்து பாயும் வளிக்கு ஃபோர்ச்ஹைமரும் வேண்டும்.

அத்தகைய நுரையை முதலில் ஒழுங்குபடச் செய்து காட்டியவர்கள் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கார்ல் ஷ்வார்ட்ஸ்வால்டரும் ஆர்தர் சோமர்சும். 1961-இல் விண்ணப்பித்த அவர்களது காப்புரிமை 1963-இல் வழங்கப்பட்டது. முறை வியப்பூட்டும் அளவுக்கு எளியது. அறைகள் யாவும் ஒன்றோடொன்று திறந்த பஞ்சு ஒன்றை எடுத்து, நுண்ணிய செராமிக் பொடி கலந்த குழம்பில் தோய்ப்பர். உருளைகளுக்கிடையே பிழிந்து மிகுதிக் குழம்பை நீக்குவர். பஞ்சின் இழைகள்மீது மட்டும் பூச்சு தங்கும். உலர்த்திச் சுடும்போது பஞ்சு எரிந்து மறையும், பூச்சு கல்லாகும். பஞ்சின் வடிவம் பீங்கானில் நிற்கும். உமி எரிந்து துளை நின்ற கதைதான், ஆனால் தலைகீழாக. உமி எரிந்த இடம் துளையாயிற்று. இங்கே எரிந்த இழையின் இடம் சட்டத்தின் நடுப்பகுதி. துளையாக நிற்பது பஞ்சில் முன்பே வெறுமையாக இருந்த இடம்.

எளிமை ஏட்டில்தான். குழம்பு பிழியும்போது நெகிழ்ந்து ஓட வேண்டும். பிழிவது நின்றவுடன் இறுகி இழையில் நிற்க வேண்டும். ஓடிக்கொண்டே இருந்தால் அடியில் தேங்கி வாயில்களை அடைக்கும். பஞ்சு எரியும் 200 முதல் 500 டிகிரி வரையான கட்டத்தில் வெப்பத்தை நிமிடத்துக்கு ஓரிரு டிகிரி என்ற அளவில் மட்டுமே உயர்த்தலாம். விரைந்தால் வெளிவரும் வளி பூச்சை வெடித்துவிடும். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் எரிந்த இழையின் இடத்தில் முக்கோண வெட்டுமுகமுள்ள ஒரு பொந்து சட்டத்துக்குள் எஞ்சும். இம்முறை நுரைகளின் வலுக்குறைவுக்கு அப்பொந்தே தலையாய காரணம். சுட்டபின் மீண்டும் மெல்லிய குழம்பு ஊட்டி அதனை நிரப்ப முயல்வது பிற்காலத் திருத்தம்.

இவ்வாறு செய்த நுரையின் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வெற்றிடம். அதன் ஊடுருவுதிறன் மண்கல வடிகட்டியுடையதைப் போலப் பத்து இலட்சம் மடங்குக்கும் மேல் இருக்கக்கூடும். 1970-களில் உருகிய அலுமினியத்தை வடிக்க இது பயன்பாட்டுக்கு வந்தது. துளைகள் அகன்றவை, அலுமினியத்தில் மிதக்கும் ஆக்சைடு மாசுகளோ பெரும்பாலும் அவற்றைவிடச் சிறியவை. ஆயினும் வளைந்து வளைந்து செல்லும் பாதையில் மாசுகள் சட்டங்களில் மோதி ஒட்டிக்கொள்கின்றன. சல்லடை என்னும் உவமை இங்கே பொருந்தாது. அலுமினியத்துக்கு அலுமினா நுரையும், வார்ப்பிரும்புக்குச் சிலிக்கன் கார்பைடு நுரையும், எஃகுக்குச் சிர்க்கோனியா நுரையும் வழக்கில் நின்றன.

பின்வந்த முறைகள் பஞ்சை விட்டுவிட முயன்றன. குழம்பையே நுரைக்கச்செய்து அந்நுரை அடங்குமுன் கூழாக உறையவைப்பது ஒன்று. இதில் சட்டத்துக்குள் பொந்து இல்லை. 2006-இல் சூரிச் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த கோன்சென்பாக், ஸ்டூடார்ட், கௌக்லர் ஆகியோர், குமிழிப் பரப்பில் செராமிக் துகள்களையே அமரச்செய்து நாட்கணக்கில் அழியாத ஈரநுரையைப் பெற்றனர். இந்தியாவில் ஐதராபாத்தின் ஏ.ஆர்.சி.ஐ. ஆய்வு மையம் வலைப்பின்னல் செராமிக் நுரைத் தொழில்நுட்பத்தை உருவாக்கித் தொழிலகங்களுக்கு வழங்கியது. நானோ வெள்ளி ஏற்றிய நீர்வடிகட்டிக் கேண்டிலும் அதன் ஆக்கம்.

இக்கதை ஆய்வகத்திலேயே முடிந்திருந்தால் குயவர் ஒரு முன்னுரையாக நின்றுவிட்டிருப்பார். அப்படி முடியவில்லை. 1981-இல் குவாத்தமாலாவின் வேதியியலர் ஃபெர்னான்டோ மசாரியெகோஸ், களிமண்ணும் எரியும் தூளும் கலந்து வனைந்து, சுட்டபின் வெள்ளிக்கரைசல் பூசிய பானை வடிகட்டியை வடிவமைத்தார். மத்திய அமெரிக்காவை 1998-இல் மிட்ச் சூறாவளி தாக்கியபின், ‘பாட்டர்ஸ் ஃபார் பீஸ்’ அமைப்பின் ரான் ரிவேரா இதனைக் குயவர்களின் பட்டறைகளில் பரப்பினார். அதே பத்தாண்டில் புவனேசுவரத்தின் மண்டல ஆய்வகம் செம்மண், ஆற்றுமணல், மரத்தூள் ஆகிய மூன்றையும் கலந்து சுட்ட ‘டெராஃபில்’ வடிகட்டி வட்டை உருவாக்கியது. 1999-இன் ஒடிசாப் பெரும்புயலுக்குப்பின் அது பயன்பட்டது. மூன்று மூலப்பொருள்களும் பலமனேரிக் குயவர் எவரும் அறிந்தவை.

பட்டறைக் குயவரிடம் குமிழிச் சோதனைக் கருவி கிடையாது. மின்னணு நுண்ணோக்கியும் கிடையாது. அவருக்குத் தரப்பட்ட சோதனை இது. சுட்ட பானையை நீரில் ஊறவைத்து, விளிம்புவரை நீர் நிரப்பி, ஒரு மணி நேரத்தில் மட்டம் எவ்வளவு இறங்கியது என்று குறியிட்ட குச்சியால் அளக்க வேண்டும். மணிக்கு ஓரிரு லிட்டர் என்ற வரம்பில் நின்றால் ஏற்கலாம். மிகுதியாக விட்டால் எங்கோ பெருந்துளையோ விரிசலோ உண்டு, உடைத்துவிட வேண்டும். மிகக் குறைந்தால் வீட்டார் பொறுமையிழந்து பழைய குடத்துக்கே திரும்புவர். டார்சியின் நெடுங்குழாய் ஒரு மரக்குச்சியாகக் குயவரின் கைக்கு வந்த கதை இது. இச்சோதனை நேரடியாக மிகப் பெரிய துளையை அளப்பதில்லை என்பதால் வெள்ளிப்பூச்சு துணைக்கு வேண்டியிருக்கிறது. அந்தக் குறையை மறைப்பது நேர்மையாகாது.

சித்தூர் நிலத்துக்கு வேறொரு சிக்கலும் உண்டு. 1937-இல் கிண்டி கிங் நிலையத்தின் இயக்குநர் ஷார்ட்டும் அவர்தம் துணைவரும் அன்றைய நெல்லூர் மாவட்டத்தில் ஃப்ளூரைடு நச்சால் எலும்பு கெட்ட நோயாளிகளைப் பற்றி எழுதினர். இந்தியாவில் இந்நோய் பற்றிய முன்னோடி அறிக்கை அது. சித்தூர் மாவட்டத்தின் பல பகுதிகளிலும் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் ஃப்ளூரைடு மிகுந்துள்ளது. இந்தியத் தரம் லிட்டருக்கு 1 மில்லிகிராம். மாற்று நீர் இல்லாவிடில் 1.5. ஃப்ளூரைடு அயனி, பானைச் சுவரின் மிக நுண்ணிய துளையைவிடவும் நூற்றுக்கணக்கான மடங்கு சிறியது. துளையைச் சுருக்கி அதனைத் தடுக்க எண்ணினால் நீரும் நின்றுவிடும். கிளர்வூட்டிய அலுமினாவும் எலும்புக்கரியும் அதனைப் பிடிப்பது துளையின் அளவால் அன்று; துளைச்சுவர்களின் பரந்த மேற்பரப்பால். அங்கே வாயிலைவிடச் சுவர் முதன்மை பெறுகிறது. எத்தனை லிட்டருக்குப் பின் அச்சுவர் நிறைந்து பயனற்றுப்போகும் என்பது துளையியலைவிட வேதியியலின் கணக்கு.

ஆகவே பலமனேரியின் மண்ணில் ஒரு வடிகட்டியைச் செய்ய முற்படுபவர் முதலில் அளக்க வேண்டியது களிமண்ணை அன்று. அவ்வூர்க் கிணற்று நீரை. நீரில் கிருமி மட்டும் இருந்தால் உமியைச் சலித்து, விகிதத்தை எடைபோட்டு, ஒவ்வொரு கலத்தையும் ஊறவைத்துக் குச்சியால் சோதித்தால் போதும். ஃப்ளூரைடும் இருந்தால் அக்கலத்தின் கீழே வேறொரு படுகை வேண்டும். அதனை மாற்றவேண்டிய நாளையும் வீட்டாருக்கு எழுதித்தர வேண்டும்.